ஓரியூர் மண்ணைக் கார்பன் டெஸ்ட் செய்ய முடியுமா? புனிதர்களின் திருப்பண்டங்களும் ஆய்வுக்கூடமும்

பிப்ரவரி மாதம். ஓரியூரிலிருந்து திருவாடானை போகும் பஸ். பக்கத்து சீட்டில் தங்கச்சிமடத்து அம்மா ஒருவர். முந்தானை முடிச்சில் ஒரு கைப்பிடி செம்மண் வைத்திருந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர், அதாவது இயேசு சபைத் துறவியான புனித ஜான் டி பிரிட்டோ, தலை வெட்டப்பட்ட இடத்து மண். அவர் இரத்தம் பட்டுத்தான் அது சிவந்தது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

பின்சீட்டில் இருந்த காலேஜ் பையன் எட்டிப் பார்த்தான். "ஏம்மா, இத ஒரு கார்பன் டெஸ்ட் பண்ணா உண்மையா பொய்யான்னு தெரிஞ்சிடுமே?"

"அதெல்லாம் ரோமாபுரியிலயே விஞ்ஞானிங்க பாத்து ஒத்துக்கிட்டாங்க தம்பி" என்றார் அந்த அம்மா, அசராமல்.

இருவரும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரிந்தாலும் நம்பியது ஒன்றைத்தான். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மிஷின் இருக்கிறது. எலும்பையோ மண்ணையோ போட்டால் "இது அவர்தான்", "இது அவரில்லை" என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். அப்படி ஒரு மிஷின் கிடையாது. இருப்பவை வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேறு வேறு சோதனைகள். எந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு என்பதில்தான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள், படித்தவர்கள் உட்பட.

## திருப்பண்டம் எது?

ஒரு புனிதரோடு தொடர்புடையதென்று வணக்கத்துக்காகப் பாதுகாக்கப்படும் பொருளே திருப்பண்டம். வழக்கமாக மூன்று வகை சொல்வார்கள். உடலின் பகுதி, அதாவது எலும்பு, பல், முடி, இரத்தம் முதல் வகை. அவர் உடுத்திய துணி, வைத்திருந்த செபமாலை போன்றவை இரண்டாவது. அந்த உடலிலோ கல்லறையிலோ தொட்டு எடுத்த பொருள் மூன்றாவது. ஓரியூர் மண் இந்த மூன்றிலும் கச்சிதமாக உட்காராது. அதற்குக் கடைசியில் வருவோம், முதலில் எலும்பு.

## கரை ஒதுங்கிய படகு

இராத்திரிக் காற்றில் அறுத்துக்கொண்டு வந்த ஒரு படகு பாம்பன் கரையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் அழிந்துவிட்டது. பல வருஷத்துக்கு முன் காணாமல் போன எங்கள் அண்ணனின் வத்தைதான் இது என்கிறார் ஒருவர். எப்படிச் சரிபார்ப்பீர்கள்?

அண்ணனுடையது பலகை வத்தை. கிடப்பது ஃபைபர் படகு. பேச்சு முடிந்தது, இது அவருடையது இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கிடப்பதும் பலகை வத்தைதான், நீளமும் சரி, மரமும் சரி என்றால்? அப்போதும் "அவருடையதாக இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். அதே நீளத்தில் அதே மரத்தில் இந்தக் கரையில் ஐம்பது வத்தை ஓடியிருக்கும். ஆனால் அண்ணன் வீட்டில் அந்த வத்தையிலிருந்து பெயர்ந்த ஒரு பலகைத் துண்டு இருந்து, அது இந்தப் படகின் உடைசலில் அச்சாகப் பொருந்தினால் கதையே வேறு.

திருப்பண்ட ஆய்வு முழுவதும் இந்த மூன்று நிலைகளுக்குள்தான் நடக்கிறது. இல்லை என்று சொல்வது எளிது. இருக்கலாம் என்று சொல்வது அடிக்கடி நடப்பது. ஆம் என்று சொல்ல, ஒப்பிடுவதற்கு வேறொரு துண்டு கையில் இருக்க வேண்டும்; அது கிடைப்பது அபூர்வம்.

## ஐஸ் பெட்டிக் கணக்கு

கார்பன் டெஸ்ட் என்று எல்லோரும் சொல்வது கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு. அதை ஐஸ் பெட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

விசைப்படகு கரையில் நிற்கும்வரை பெட்டியில் ஐஸ் உருக உருக ஆட்கள் புதிதாகக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். அளவு குறையாது. கிளம்பிய பிறகு கொட்ட ஆளில்லை, உருகுவது மட்டும் நடக்கும். திரும்பி வந்ததும் மிச்ச ஐஸைப் பார்த்தே, படகு கிளம்பி எவ்வளவு நேரம் ஆனதென்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

உடம்பிலும் அப்படித்தான். காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் கார்பன்-14 என்ற ஒருவகைக் கார்பன் ஓயாமல் உண்டாகிறது. செடி அதைக் காற்றிலிருந்து எடுக்கிறது, நாம் செடியிலிருந்து எடுக்கிறோம். உயிரோடு இருக்கும்வரை சிதைந்தது போக புதிதாக வந்துகொண்டே இருக்கும். உயிர் போன அன்று வரத்து நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். இருப்பதில் பாதி சிதைய 5,730 ஆண்டுகள் ஆகும். இந்தப் 'பாதியாகும் காலம்'தான் அரை ஆயுள். வெயிலில் ஐஸ் வேகமாக உருகும். கார்பன்-14 வெயில், உப்பு, காற்று எதையும் கண்டுகொள்ளாது. என் உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது, அந்த வகையில் கார்பன் ஐஸை விட நம்பகமானது.

ரோமில் திருத்தூதர்கள் பெயரிலான ஆலயத்தில் பிலிப்பு, யாக்கோபு இருவருடைய எலும்புகள் என்று 6-ஆம் நூற்றாண்டிலிருந்து வணங்கப்படுபவை இருக்கின்றன. யாக்கோபுடையது எனப்பட்ட தொடை எலும்பைச் சோதித்த முடிவு 2021-இல் வெளியானது: கி.பி. 214-க்கும் 340-க்கும் இடையில். திருத்தூதர் வாழ்ந்தது முதல் நூற்றாண்டு. ஆக, ஃபைபர் படகு.

மறுபக்கம், கடலோடிகளின் பாதுகாவலரான புனித நிக்கோலாசுடையது எனப்பட்ட ஓர் இடுப்பெலும்புத் துண்டை 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சோதித்தார்கள். 4-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. அவர் இறந்ததும் அந்த நூற்றாண்டில்தான். செய்தித்தாள்கள் "நிக்கோலாஸ் எலும்பு உண்மை என நிரூபணம்" என்ற தொனியில் எழுதின. நிரூபணமான ஒரே விஷயம், எலும்பு 4-ஆம் நூற்றாண்டில் இறந்த ஒருவருடையது என்பதுதான்.

சுருக்கமாக, கார்பன் சோதனை ஆளைச் சொல்லாது, காலத்தைச் சொல்லும். காலம் பொருந்தாவிட்டால் ஆளும் இல்லை. பொருந்தினால் வழக்கு நீடிக்கிறது, அவ்வளவுதான்.

## மீன் தின்னும் ஊரில் ஒரு கோளாறு

இனிவருவது நம் கடற்கரைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது.

கடல் நீரில் கரைந்திருக்கும் கார்பன் காற்றில் இருப்பதைப் போலப் புதியது அல்ல. ஆழ்கடலில் பல நூறு ஆண்டுகள் வெளிக்காற்றே படாமல் கிடந்த நீர் மெல்ல மேலே வந்து கலக்கிறது. அதிலுள்ள கார்பன்-14 கொஞ்சம் ஏற்கெனவே சிதைந்துவிட்டது. அந்த நீரில் வளரும் பாசி, பாசியைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் மனிதர் என்று இந்தப் பழைய கார்பன் ஏறிக்கொண்டே வரும். இன்று காலை ஏலத்தில் எடுத்த ஒரு பாரை மீனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித் திருத்தம் எதுவும் செய்யாமல் கணக்குப் போட்டால், சராசரியாகச் சுமார் 400 ஆண்டுகள் கூடுதல் வயது காட்டும். கடலுக்குக் கடல் இந்த அளவு மாறும்.

அப்படியென்றால் மூன்று வேளையும் மீனும் கருவாடுமாக வாழ்ந்த ஒரு மண்டபத்துக்காரரின் எலும்பு, அவர் வாழ்ந்த காலத்தை விட நூறு, இருநூறு ஆண்டுகள் முந்தியதாகத் தோன்றக்கூடும். அதே ஆண்டில் இறந்த கமுதிக் கரிசல்காட்டுக்காரரின் எலும்பு சரியாகக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாட்டனும் பேரனும் மாதிரி இருக்கும்.

இதைத் திருத்த வழி உண்டு. ஒரே தனிமத்தின், எடை மட்டும் மாறுபடும் வடிவங்களை ஐசோடோப்பு என்பார்கள். எலும்பில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் கார்பன்-13, நைட்ரஜன்-15 ஆகிய ஐசோடோப்புகளை அளந்தால் ஆள் என்ன சாப்பிட்டார் என்று ஓரளவு தெரியும். கடல் மீன் தின்றவரிடம் நைட்ரஜன்-15 கூடியிருக்கும், பருப்பும் சோறும் தின்றவரிடம் குறைந்திருக்கும். அதை வைத்துக் கணக்கைச் சரிசெய்வார்கள். திருப்பண்ட ஆய்வு பற்றிய அறிக்கையில் இந்தச் சாப்பாட்டுத் திருத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், நான் அந்த ஆண்டுக் கணக்கைப் பாதிதான் நம்புவேன்.

## 1693 என்ற தொல்லை பிடித்த ஆண்டு

பஸ்ஸில் அந்தப் பையன் கேட்டதற்கு வருவோம். மண்ணை விடுங்கள், அருளானந்தருடையது எனப்படும் எலும்பையே சோதிக்கிறோம் என்று வையுங்கள். கார்பன் என்ன சொல்லும்?

ஏறத்தாழ ஒன்றும் சொல்லாது.

1693-லிருந்து இன்றுவரை சிதைந்திருக்கும் கார்பன்-14 சுமார் 4 சதவீதம்தான். அதைக்கூட இன்றைய கருவிகள் அளந்துவிடும். பிரச்சினை வேறு. காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. சூரியனின் போக்குக்கு ஏற்ப ஏறி இறங்கியிருக்கிறது. பிற்பாடு நிலக்கரி எரித்த புகையும் சேர்ந்துகொண்டது. எந்த ஆண்டில் எவ்வளவு இருந்ததென்பதை மர வளையங்களை அளந்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணையில் 1650-க்குப் பிறகு வரும் மூன்று நூற்றாண்டுகள் மேடும் பள்ளமுமாகக் குழம்பிக் கிடக்கின்றன. 1690-இல் இறந்தவரும் 1740-இல் இறந்தவரும் 1850-இல் இறந்தவரும் ஒரே எண்ணைக் காட்டலாம். முதல் நூற்றாண்டு யாக்கோபுக்குக் கூர்மையாகப் பேசிய அதே சோதனை, நம்மூர் அருளானந்தரிடம் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். பழையதைச் சொல்வது கடினம், புதியதைச் சொல்வது சுலபம் என்று நினைப்பது இங்கே தலைகீழாகிறது.

ஆனால் அவர் விஷயத்தில் சாப்பாடு உதவும். அருளானந்தர் மதுரை மிஷன் என்ற மறைபரப்புப் பணியில் பண்டாரசாமி என்ற துறவிக் கோலத்தில், காவி உடுத்தி, மீனும் இறைச்சியும் இல்லாமல் வாழ்ந்தவர். எலும்பின் கொலாஜன் மெல்ல மெல்லப் புதுப்பிக்கப்படுவதால், கடைசிப் பத்து இருபது ஆண்டுச் சாப்பாட்டின் சராசரி அதில் பதிந்திருக்கும். அவருடையது என்று சொல்லப்படும் எலும்பில் மீன்காரருடைய நைட்ரஜன் அளவு இருந்தால், அந்த இடத்திலேயே சந்தேகம் வந்துவிடும்.

## பல்லில் இருக்கும் ஊர்

எலும்பு புதுப்பித்துக்கொள்ளும், பல்லின் மேல்பூச்சான எனாமல் புதுப்பித்துக்கொள்ளாது. சிறுவயதில் உருவானது உருவானபடியே இருக்கும். ஆகவே வளர்ந்த ஊரை அறியப் பல்லைப் பார்ப்பார்கள்.

பாறையில் உள்ள ஸ்ட்ரான்சியம் மண்ணுக்கும், மண்ணிலிருந்து தண்ணீருக்கும் பயிருக்கும், அங்கிருந்து குழந்தையின் பல்லுக்கும் போகிறது. இடத்துக்கு இடம் பாறை வேறு என்பதால் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளின் விகிதமும் வேறு. அருளானந்தர் 1647-இல் லிஸ்பனில் பிறந்து வளர்ந்தவர். பல் கிடைத்தால் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் கடலோர ஊர்களில் அலைச்சாரலும் உப்புக்காற்றும் கடலின் ஸ்ட்ரான்சியத்தையே எங்கும் தெளித்து வைக்கின்றன. லிஸ்பனும் கடலோரம், தொண்டியும் கடலோரம். எனவே கூடவே ஆக்சிஜன் ஐசோடோப்பையும் பார்ப்பார்கள். அது குடித்த தண்ணீரை, அதாவது அந்த ஊர் மழையைக் காட்டும். அட்லாண்டிக் மழையும் நம் ஐப்பசி மழையும் ஒன்றல்ல.

## டி.என்.ஏ: யாரோடு ஒப்பிடுவது?

"டி.என்.ஏ எடுத்தால் தெரிந்துவிடும்" என்பது அடுத்த வாக்கியம். டி.என்.ஏ என்பது உடலின் செல்களில் இருக்கும் பரம்பரைக் குறிப்பு. சரி, எடுத்தாயிற்று. யாரோடு ஒப்பிடுவது? துறவிக்கு வாரிசு இல்லை. இருபது தலைமுறைக்கு முந்தைய உறவினரை எங்கே தேடுவது? அதற்கும் மேல், நூற்றாண்டுக் கணக்கில் ஆயிரம் பேர் தொட்டு, முத்தி செய்த, அதாவது முத்தமிட்ட பொருள் அது. முத்தி செய்தவர்களின் டி.என்.ஏ-வும் மேலே ஒட்டியிருக்கும்.

அதனால் பழைய எலும்பில் பெரும்பாலும் தாய்வழி டி.என்.ஏ-வைத் தேடுவார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போகும் இந்தப் பகுதி ஒரு செல்லில் ஏராளமான பிரதிகள் இருப்பதால் சிதைந்த எலும்பிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். அது ஆளைக் காட்டாது, எந்த வட்டாரத்துத் தாய்வழி என்பதைக் காட்டும்.

இத்தாலியின் பதுவா நகரில் நற்செய்தியாளர் லூக்காவுடையது எனப்படும் தலையில்லாத உடல் இருக்கிறது. தலை 1354-லிருந்து பிராகில். உடல் கிடந்த பேழையில் கிடைத்த பல்லைச் சோதித்து 2001-இல் முடிவு சொன்னார்கள்: காலம் கி.பி. 72 முதல் 416-க்குள். தாய்வழி, கிரேக்கர்களை விடச் சிரியாக்காரர்களுக்கு நெருக்கம். லூக்கா சிரியாவின் அந்தியோக்கியாவில் பிறந்து கிரேக்க நாட்டில் இறந்ததாக மரபு. யாராவது கிரேக்கர் ஒருவருடைய உடலை மாற்றி வைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் அதனால் பலவீனமானது. அவர்தான் லூக்கா என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பிராக் தலை பதுவா உடலின் கழுத்தெலும்பில் பொருந்தியதும் இந்த ஆய்வில் வந்த விஷயம்தான். அண்ணன் வீட்டுப் பலகைத் துண்டு ஞாபகமிருக்கிறதா? இரண்டும் ஒரே ஆள் என்று அது காட்டும். அந்த ஆள் யார் என்று அதுவும் காட்டாது.

நம் நாட்டிலேயே நடந்தது இன்னும் சுவாரசியம். ஜார்ஜியா நாட்டு அரசி கேத்தேவான், பாரசீகத்தின் ஷிராஸில் 1624-இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்பில் ஒரு பகுதியை அகுஸ்தீன் சபைத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுவந்து, மடத்தின் சிற்றாலயத்தில் இரண்டாவது சன்னலருகே வைத்ததாகப் பழைய போர்த்துகீசிய ஆவணங்கள் சொல்கின்றன. மடம் இடிந்து போனது. இந்தியத் தொல்லியல் துறை அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோண்டி, 2004-இல் ஒரு கை எலும்பைக் கண்டெடுத்தது. ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி ஆய்வகத்தில் தாய்வழி டி.என்.ஏ பார்த்தார்கள். இந்தியர்களிடம் காணப்படாத, ஜார்ஜியர்களிடம் காணப்படும் வகை. 2021 ஜூலையில் இந்தியா அந்த எலும்பின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்குக் கொடுத்தது.

இதில் டி.என்.ஏ-வை விடப் பெரிய வேலை செய்தது அந்த ஆவணம் என்பது என் கருத்து. எங்கே தேட வேண்டும், அங்கே யார் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே அது சொல்லியிருந்தது. கோவா மண்ணில் ஒரு ஜார்ஜியப் பெண்ணின் எலும்பு தற்செயலாகக் கிடக்க வேறு காரணம் தேடுவது கஷ்டம். ஆள் யார் என்பதற்கு இவ்வளவு நெருங்கி வந்த ஆய்வுகள் அதிகம் இல்லை.

இதுவரை: கார்பன் காலத்தை, பல் வளர்ந்த ஊரை, டி.என்.ஏ வட்டாரத்தைச் சொல்லும். பெயரைச் சொல்வது காகிதம்.

## பூனைத் தொடை எலும்பு

சோதனைகள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, பிரான்சின் புனிதை ஜோன் ஆஃப் ஆர்க் கதை. 1431-இல் ரூவான் நகரில் எரிக்கப்பட்ட அந்தப் பெண்ணின் சாம்பலில் கிடைத்தது என்று எழுதிய ஒரு புட்டி 1867-இல் பாரிஸ் மருந்துக்கடையின் பரணில் கிடைத்தது. உள்ளே கருத்துப்போன ஒரு விலா எலும்பு, துணித் துண்டு, கரி மாதிரிக் கட்டிகள், ஒரு பூனையின் தொடை எலும்பு. சூனியக்காரியை எரிக்கும்போது கறுப்புப் பூனையைத் தீயில் போடுவது வழக்கம், அதனால் பூனை எலும்பும் சரிதான் என்று விளக்கம் வேறு.

பிலிப் ஷார்லியே என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு அதைச் சோதித்தது. செய்த சோதனைகளில் ஒன்று என்ன தெரியுமா? வாசனைத் திரவியத் தொழிலில் மூக்குக்குப் பேர்போன இரண்டு பேரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார்கள். இருவரும் தனித்தனியாகச் சொன்னவற்றில் ஒன்று வனிலா. உடல் மெல்ல மக்கும்போது வரும் வாசனை அது. எரிந்த உடலில் வராது. அப்புறம் பார்த்தால் கருப்பு நிறம் தீயால் வந்ததில்லை, பதப்படுத்தும் பிசினால் வந்தது. தைலம் பூசப் பயன்பட்ட பைன் மரத்தின் மகரந்தமும் இருந்தது. கார்பன் கணக்கு கி.மு. 6 முதல் 3-ஆம் நூற்றாண்டு. எகிப்திய மம்மி! பூனையும் மம்மிதான். அந்தக் காலத்து ஐரோப்பிய மருந்துக்கடைகளில் மம்மித் தூள் மருந்தாக விற்றது, எனவே பரணில் கிடந்ததிலும் ஆச்சரியமில்லை. 2007-இல் வெளியான இந்த முடிவில் எனக்குப் பிடித்தது மூக்குதான். கருவாட்டுக் கடையில் நம் ஆத்தாமார் செய்வதையே அவர்களும் செய்திருக்கிறார்கள்.

## அழியாத உடல்

கோவாவில் உடல் வைக்கப்பட்டிருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் இதைப் பேச முடியாது. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவில் இறந்தார். எலும்பு சீக்கிரம் தனியாகட்டும் என்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். மாதங்கள் கழித்துத் திறந்தபோது உடல் அப்படியே இருந்ததாகக் குறிப்புகள். மலாக்கா வழியாக 1554-இல் கோவாவுக்கு வந்தது. வலது முன்கை 1614-இல் ரோமுக்குப் போனது. 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை நடந்த பொது தரிசனத்துக்கு நம் ஊர்களிலிருந்தும் போய் வந்தார்கள்.

உடல் மக்காமல் போக அறிவியலுக்குத் தெரிந்த வழிகள் சில உண்டு. காற்றோட்டமான இடத்தில் விரைவில் உலர்வது ஒன்று. ஈரமும் காற்றின்மையும் சேர்ந்த இடத்தில் உடற்கொழுப்பு மெழுகு போல மாறி உருவத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது இன்னொன்று. மனிதர் கையும் உண்டு: 1879-இல் இறந்த லூர்து நகர்ப் புனிதை பெர்னதெத்தின் முகத்திலும் கைகளிலும் நாம் பார்ப்பது மெல்லிய மெழுகு உறை, அதைச் சபையே மறைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் உடல் அழியாததை மட்டும் வைத்து யாரையும் புனிதராக்குவதில்லை.

## யார் அனுமதிப்பது?

சோதனை என்றால் கொஞ்சம் அழிப்பது. கார்பன் பார்க்க எலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்து எரித்தாக வேண்டும்; அது திரும்பி வராது. 2017 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட நெறிமுறைப்படி, உரிய அனுமதியும் மறைமாவட்ட ஆயரின் மேற்பார்வையும் மருத்துவ நிபுணரும் இல்லாமல் திருப்பண்டத்தைத் திறக்கவோ எடுக்கவோ கூடாது. திருப்பண்டத்தை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் விதி முழுவதுமாகத் தடுக்கிறது. இணையத்தில் "சான்றிதழுடன்" விலைக்கு வருவதைப் பார்த்தால் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

## முடிச்சில் இருந்த மண்

மணலைக் கார்பன் டெஸ்ட் செய்ய முடியாது. அது சாப்பிட்டதும் இல்லை, செத்ததும் இல்லை. ஐஸ் பெட்டியே அங்கு கிடையாது. செம்மண்ணின் சிவப்பு பொதுவாக இரும்பு ஆக்சைடால், சொல்லப்போனால் துருவால் வருவது. மூன்று நூற்றாண்டு மழைக்குப் பிறகு அதில் ஒரு மனிதரின் இரத்தத்தைத் தேடி எடுப்பது நடக்காத காரியம். இதைச் சொன்னதும் பையன் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

ஆனால் மணலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. மண்ணுக்குள் புதைந்த குவார்ட்ஸ் மணிகளில், சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தால் சிறிது சிறிதாக ஆற்றல் சேர்கிறது. வெயில் பட்டால் அது காலியாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் ஒளி பாய்ச்சும்போது அந்த ஆற்றல் மினுக்கமாக வெளிவரும். அதை அளந்தால் இந்த மணி கடைசியாக வெயிலைப் பார்த்து எவ்வளவு காலம் ஆனதென்று தெரியும். ஒளித்தூண்டல் காலக்கணிப்பு என்பது இதன் பெயர். மாதிரி எடுக்கக் குழி வெட்டி, இரும்புக் குழாயைப் பக்கவாட்டில் அடித்து, இரண்டு பக்கமும் மூடி, மங்கிய சிவப்பு விளக்கில்தான் திறப்பார்கள்.

"அப்படியா சார்? அப்ப இத அனுப்பலாமா?" என்று அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சன்னல் வெயிலில் கையை விரித்துக் காட்டினார். மணலின் கடிகாரம் அதற்குள் பூஜ்ஜியத்துக்குப் போயிருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. பஸ் திருவாடானை வந்துவிட்டது.